எரிச்சலுக்கும் இரவல் சொல்லா?

(வேளச்சேரியில் தமிழன்பர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூரின் பெயர் இன்று வேளச்சேரி. பழங் கல்வெட்டுகளில் இது வெளிச்சேரி எனக் காணப்படுகின்றது. நூற்றாண்டுகள் பல கடந்தும், அரசுகள் பல மாறியும், ஊர்ப்பெயர் சற்றே திரிந்ததேயன்றித் தமிழை விட்டு நீங்கவில்லை. ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்த காலத்தும் அது தமிழ்ப்பெயர்; 2007-ஆம் ஆண்டில் பறக்கும் தொடர்வண்டி வந்து சேர்ந்த பின்னும் அது தமிழ்ப்பெயர். ஊரின் பெயர் காத்துக்கொண்ட தன்மையை ஊராரின் நாக்குக் காத்துக்கொண்டதா என்பதே இன்று எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஒரு நாளின் காட்சிகள் சிலவற்றை உள்ளத்தில் நிறுத்திப் பாருங்கள். காலையில் விசயநகர்ப் பேருந்து நிலையத்தில் நெடுநேரம் நின்றும் வண்டி வாராமையால் ஒருவர், “ஒரே இரிட்டேசன்” என்கின்றார். வண்டி வந்து நெரிசலிற் சிக்கி நிற்க, பின்னால் நிற்பவர் ஒலிப்பானில் வைத்த கையை எடாதிருக்க, இன்னொருவர், “இந்த ஆரன் இரிட்டேட் பண்ணுது” என்கின்றார். சாலைப் புழுதி கண்ணிற் பட்ட பெண்மணி, “கண்ணுல இரிட்டேசன்” என்கின்றார். மாலையில் வீடு திரும்பிய மகனைத் தாய், “சாப்பிட வாப்பா” என்று மூன்றாம் முறை அழைக்க, அவன், “இரிட்டேட் பண்ணாதம்மா” என்று சொல்லிக் கதவைச் சாத்துகின்றான். சாத்திய கதவின் வெளியே நிற்கும் தாயின் நெஞ்சில் தைத்தது ஒன்று உண்டே, அதற்கும் அம் மகன் அறிந்த பெயர் அந்த ஒரே பெயர்தான்!

ஐந்து இடம், ஐந்து உணர்வு, ஒரு சொல். ஐந்தும் ஒன்றே எனின் ஒரு சொல் போதும். ஐந்தும் வேறு வேறெனின், அவற்றை ஒரு சொல்லால் மூடுவது உணர்வையே மூடுவதாகும். தமிழ் அவற்றை எவ்வாறு பிரித்து வைத்தது, அப் பிரிப்பை இழந்தால் என்ன கேடு விளையும் என்பனவே இவ்வுரையின் பொருள்.

அச் சொல்லின் பிறப்பும் வளர்ப்பும்

முதலில் அவ் வந்தேறிச் சொல்லின் வரலாற்றைக் காண்போர், அது ஆங்கிலத்திற்கும் சொந்தச் சொல்லன்று என்பதை அறிவர். அது இலத்தீனச் சொல். இலத்தீனத்தில் அதற்குக் கிளறிவிடுதல், தூண்டிவிடுதல் என்பனவே பொருள். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தபோதும் அது தூண்டுதல் என்னும் பொருளையே தாங்கி நின்றது. உடம்பின் ஒரு பகுதி புண்பட்டுச் சிவத்தலைக் குறிக்கும் பொருள் பின்னரே ஏறிற்று. 18-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சுவிட்சர்லாந்து நாட்டு உடலியல் அறிஞர் ஆல்பிரெக்ட் வான் ஆலர், தொட்டால் தசை சுருங்கும் தன்மைக்கு இச் சொல்லின் வழிப்பட்ட பெயரையே இட்டார். அவர் கையில் அது உயிர்த்தசையின் இயல்பைக் குறித்த ஆய்வுச் சொல். யாரையும் நொந்துகொள்ளும் சொல்லன்று.

அதன் உடன்பிறப்பாக ஆங்கிலத்தில் வழங்கும் ‘அனாய்’ என்னும் சொல்லின் கதையும் இத்தகையதே. ‘எனக்கு வெறுப்பாக உள்ளது’ எனப் பொருள்படும் இலத்தீனத் தொடர் ஒன்று, பழம் பிரெஞ்சின் வழியாக உருமாறி ஆங்கிலம் புகுந்தது. பிரெஞ்சிலோ அதே மூலம் ‘சலிப்பு’ என்னும் பொருளில் வழங்குகின்றது. ஒரே விதை, ஒரு நாட்டிற் சலிப்பாகவும் மற்றொரு நாட்டில் தொல்லையாகவும் முளைத்தது. ‘வெக்சு’ என்னும் சொல்லுக்கு மூலப்பொருள் குலுக்குதல். ‘டென்சன்’ என்னும் சொல்லுக்கு மூலப்பொருள் இழுத்து நீட்டுதல். ஆங்கிலேயரின் தொன்மைச் சொல்லாகிய ‘பிரெட்’ என்பதற்கோ தின்று தீர்த்தல் என்பது பழம்பொருள்.

இவற்றால் விளங்குவது யாது? எந்த மொழியினரும் உள்ளத்து நோவை உடம்பின் நோவு கொண்டே பெயரிட்டனர். குலுங்கியதை, இழுபட்டதை, அரிக்கப்பட்டதை உள்ளத்துக்கு ஏற்றிச் சொன்னார்கள். ஆங்கிலேயன் அச் சொல்லைச் சொல்லும்போது, அவன் மொழியின் நெடுவரலாறு அதன் பின்னே நிற்கின்றது. தமிழன் அதையே சொல்லும்போது அதன் பின்னே எதுவும் நிற்கவில்லை. அவன் காதில் அது வெறும் ஓசை. ‘எரிச்சல்’ என்றால் எரி தெரிகின்றது. ‘இரிட்டேசன்’ என்றால் எதுவும் தெரிவதில்லை.

உடம்பின் சொற்கள்

தமிழில் உடம்பின் நோவுக்கு உள்ள சொற்களைச் சற்றே எண்ணுக. கண்ணில் துகள் விழுந்தால் உறுத்தல். தோலில் பூச்சி ஊர்ந்தாற்போன்றது நமைச்சல். சொறியத் தூண்டுவது அரிப்பு. தீப்பட்டாற் போன்றது எரிச்சல். நெடுவழி நடந்த காலில் தோன்றுவது கடுப்பு. தொண்டையில் கரகரப்பு. புளிப்பைக் கடித்த பல்லிற் கூச்சம். புண் ஆறும்போது குறுகுறுப்பு. முள் நின்ற இடத்திற் குத்தல். ஒவ்வொன்றும் தனிச் சொல். ஒன்று நின்ற இடத்தில் மற்றொன்று நில்லாது. ‘கண் கடுக்கிறது’ என்பவனும் ‘கண் உறுத்துகிறது’ என்பவனும் ஒன்றையே சொல்லவில்லை. முன்னவன் நெடுநேரம் படித்தவன். பின்னவன் கண்ணில் ஏதோ விழுந்தது.

இச் சொற்கள் பாட்டுக்கும் உரைக்கும் மட்டும் பயன்படுவன என்று எண்ணுவோர், மருத்துவர்முன் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்க்கட்டும். அருகில் நிற்கும் பேத்தி, “டாக்டர், ஆயாவுக்கு வயித்துல இரிட்டேசன்” என்கின்றாள். மருத்துவர் அதனால் எதை அறிவார்? வயிற்றுக் கடுப்பு எனின் அளைச்சலோடு கூடிய கழிச்சல் நோயை அவர் எண்ணுவார். நீர்க்கடுப்பு எனின் சிறுநீர்த் தடத்தை ஆராய்வார். நெஞ்செரிச்சல் எனின் இரைப்பையின் புளிப்புநீர் மேலேறுவதை எண்ணுவார். எரிச்சலன்று, நெஞ்சை யாரோ அழுத்துவது போன்ற இறுக்கம் எனின், நெஞ்சாங்குலையின் கோளாறோ என்று உடனே ஆய்வுக்கு அனுப்புவார். கடுப்பு, எரிச்சல், இறுக்கம் என்னும் மூன்று சொற்களின் வேறுபாடு, மூன்று நோய்களின் வேறுபாடு. சிற்சில வேளைகளில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு.

பள்ளிப் படியேறாத அம் மூதாட்டியை மருத்துவர் நேரே வினவினால், “நெஞ்சுல கல்லு வெச்சாப்பல அழுத்துதுங்க” என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார். கல்லூரியிற் கற்ற பேத்திக்கோ அச் சொல் வாயில் வரவில்லை. கற்றவள் சொல் மழுங்கிற்று. கல்லாதவள் சொல் கூர்மையாயிருக்கின்றது. இது பேத்தியின் குற்றமன்று. நோவைச் சொல்லத் தமிழ் போதாது என்று அவளுக்குக் கற்பித்த கல்வியின் குற்றம்.

உள்ளத்தின் சொற்கள்

உடம்பினின்று உள்ளத்திற்கு வருக. உடம்பிற்குரிய அச் சொற்களையே தமிழன் உள்ளத்திற்கும் ஏற்றினான். ஏற்றும்போது அவற்றின் வேறுபாட்டை இழக்கவிடவில்லை. தன் தவற்றைத் தானே எண்ணி வருந்துவோனுக்கு நெஞ்சு உறுத்துகின்றது. பிறர் தவற்றைக் கண்டு சினப்பவனுக்கு நெஞ்சு உறுத்துவதில்லை, எரிகின்றது. வெளியிற் சொல்லமுடியாத வருத்தம் புழுக்கம். காற்றில்லாத அறையில் உடம்பு புழுங்குமாறே வழியில்லாத உள்ளம் புழுங்குகின்றது. நட்பினர்க்கிடையே நேர்வது கசப்பு. கொதிப்பு விரைவில் எழுவது. கறுவு நெடுநாள் உள்ளே கிடப்பது. சீற்றம் பாய்வது; சிடுசிடுப்பு பாயாமல் முகத்திலேயே நிற்பது. கேட்டதையே கேட்டு நைப்பது நச்சரிப்பு. செய்ததையே செய்து வருவது அலுப்பு. காத்திருந்து காத்திருந்து வருவது சலிப்பு.

இவ் வேறுபாடுகளைத் தமிழ் நேற்றுக் கண்டறிந்ததன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தபோது வெகுளியை அவற்றுள் ஒன்றாக வைத்தார். வைத்ததோடு நில்லாமல், அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் வரையறுத்தார். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொலை செய்தல் என்பன அவை. கூர்ந்து நோக்குக: இந் நான்கும் வெகுள்பவனின் உள்ளத்து நிலைகள் அல்ல, வெகுளிக்குக் கரணியமாகப் பிறர் செய்த செயல்கள். உணர்வு வேறு, அதற்குக் கரணியமான செயல் வேறு என்று அந் நூலாசிரியர் தெளிவாகப் பிரித்துவிட்டார். உரியியலிலோ, கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் நிறத்தையேயன்றி வெகுளியையும் உணர்த்தும் என்றார். முகம் கறுத்தது, கண் சிவந்தது என்று இன்றும் சிற்றூர்ப் பெண்டிர் கூறும் வழக்கில் அவ் விலக்கணம் உயிரோடு வாழ்கின்றது.

வள்ளுவர் 31-ஆம் அதிகாரத்தை வெகுளாமைக்கென்றே ஒதுக்கினார். சினத்தைத் தன்னைச் சார்ந்தவரையே சுடும் நெருப்பாகக் காட்டினார். அதே வள்ளுவர், காதலர்க்கிடையே எழும் சிறு பிணக்கைச் சினமென்று கூறாது, நூலின் இறுதி மூன்று அதிகாரங்களாகிய முப்பது குறளில் புலவி என்றும் ஊடல் என்றும் விரித்தார். உப்பு அளவாக இருந்தாற் சுவை, மிகுந்தாற் கேடு என்று அதற்கு அளவும் கூறினார். புலவி முற்றிப் பெரும்பிணக்கானால் அதற்குத் துனி என்று வேறு பெயர். கணவன் மனைவிக்கிடையே தோன்றும் மனவேறுபாட்டிற்குக்கூட மூன்று படிநிலை வகுத்துப் பெயரிட்ட மொழி இது. அம் மொழிக்குரியவர் இன்று மூன்றையும் ‘டென்சன்’ என்று முடித்துவிடுகின்றனர்.

ஊன்றுகோலில் நிற்கும் வினை

இனி இலக்கணத்தை நோக்குக. தமிழ்வினைக்குத் தன்வினை, பிறவினை என்னும் இருவகை ஆற்றல் உண்டு. வருந்து என்றால் தான் வருந்துதல். வருத்து என்றால் பிறரை வருத்துதல். உறு, உறுத்து, அடங்கு, அடக்கு, திருந்து, திருத்து என்று ஓரெழுத்தின் மாற்றத்தால், துன்பம் யாருடையது, செயல் யாருடையது என்பது விளங்கிவிடுகின்றது.

இரவல் சொல்லுக்கு இவ்வாற்றல் இல்லை. அது தமிழில் தனியே நடக்கமாட்டாது. ‘பண்ணு’ என்றும் ‘ஆகு’ என்றும் இரண்டு ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டே நிற்கும். ‘இரிட்டேட் பண்ணினான்’, ‘இரிட்டேட் ஆயிட்டேன்’. ஒவ்வோர் ஆங்கில வினைக்கும் இவ்விரண்டு கோல்களே. தமிழின் ஆயிரம் வினைகள் தம் காலில் நின்ற இடத்தில், ஆயிரம் நொண்டிகளும் இரண்டு கோல்களும் வந்து சேர்ந்தால், வீட்டில் நடமாட்டம் என்னாகும்?

தெருவில் இன்னும் இக் கேடு முற்றவில்லை என்பது ஆறுதல். காய்கறி விற்பவர், “கடுப்பேத்தாத” என்கின்றார். பள்ளி மாணவர்கூட, “கடுப்பா இருக்கு” என்கின்றார். கடுப்பு இருப்பது யாரிடம், ஏற்றியது யார் என்பது அவ்விரு தொடரிலும் தெளிவாக உள்ளது. கொச்சை என்று கற்றோர் ஒதுக்கும் பேச்சில் வேர் காய்ந்துவிடவில்லை.

தொல்லையும் எரிச்சலும்

இவ்வுரையின் உயிர்நிலை இதுதான். தமிழில் தொல்லை என்பது செய்பவன் பக்கத்துச் சொல். எரிச்சல் என்பது உணர்பவன் பக்கத்துச் சொல். தொல்லை வெளியே உள்ளது. பிறரும் கண்டு சான்று கூறலாம். எரிச்சல் உள்ளே உள்ளது. உடையவன் ஒருவனே அறிவான். தொல்லையின்றியும் எரிச்சல் உண்டாகலாம். எரிச்சலின்றியும் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆங்கிலச் சொற்களோ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

அம் மகன் தாயிடம் சொன்னதை மீண்டும் எண்ணுக. அவன் தமிழிற் பேசியிருந்தால் இரண்டிலொன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘எனக்கு எரிச்சலாக இருக்கிறது அம்மா’ என்றால், எரிச்சல் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டவனாவான். அலுவலகத்திலோ சாலையிலோ தொடங்கியது அது என்று தாயும் அறிந்து, ‘சரி, பிறகு வா’ என்று விலகியிருப்பாள். ‘தொல்லை செய்யாதே அம்மா’ என்று சொல்ல முனைந்தால், உண்ண அழைப்பது தொல்லையா என்று அவன் நாவே அவனைத் தடுத்திருக்கும். இரவல் சொல் அவனுக்கு மூன்றாம் வழியொன்றைத் திறந்துவிட்டது. தன் எரிச்சலைத் தாயின் குற்றமாக்கவும், ஆக்கியதை உணராதிருக்கவும் அது இடந்தந்தது.

வீட்டில் இது ஒரு தாயின் கண்ணீரோடு போம். சட்டத்தில் நுழைந்தால் சிறையில் முடியும்.

மெக்காலே தலைமையில் வரையப்பெற்று 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ‘அனாயன்சு’ என்னும் சொல் பலவிடத்தும் இடம்பெற்றது. 268-ஆம் பிரிவு பொதுத்தொல்லை என்னும் குற்றத்தை வரையறுக்கும்போது அதனைக் கூறிற்று. 294-ஆம் பிரிவு பொதுவிடத்தில் இழிசொல் பேசுதலைக் குற்றமாக்கியபோது, அது பிறர்க்கு ‘அனாயன்சு’ விளைக்கவேண்டும் என்றது. 2024-ஆம் ஆண்டு சூலை 1-ஆம் நாள் அச் சட்டம் நீங்கி, ‘பாரதிய நியாய சன்கிதா’ என்னும் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் வடமொழிக்கு மாறிற்று; 270, 296-ஆம் பிரிவுகளுள் அவ் ஆங்கிலச் சொல் அப்படியே அமர்ந்திருக்கின்றது. தமிழனுக்கு முன்னதும் விளங்கவில்லை, பின்னதும் விளங்கவில்லை.

இதனினும் கொடியது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் புகுத்தப்பெற்று 2009-இல் நடைமுறைக்கு வந்த 66அ பிரிவு. இணையத்தின் வழியே ஒருவர்க்கு ‘அனாயன்சு’ விளைக்கும் பொய்ச்செய்தி விடுப்பதும் அதன்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை. 2012 அத்தோபரில், ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனைக் குறித்து இணையத்தில் ஓரிரு வரி எழுதியமைக்காகப் புதுச்சேரியில் சிறுதொழில் நடத்துவோர் ஒருவரை இப் பிரிவின்கீழ்க் காவலர் தளைப்படுத்தினர். அடுத்த மாதமே மகாராட்டிரத்தின் பால்கர் என்னும் ஊரில், அரசியல் தலைவர் ஒருவர் மறைந்தபோது நடந்த கடையடைப்பைப் பற்றி முகநூலில் வினவிய இளம்பெண்ணும், அதனை விரும்பியதாகக் குறியிட்ட தோழியும் தளைப்படுத்தப்பட்டனர்.

அவர்கள் செய்த தொல்லை யாது? யாரையும் அடித்தார்களா? யார் வழியையாவது மறித்தார்களா? இல்லை. எவருக்கோ எரிச்சல் உண்டாயிற்று, அவ்வளவே. எரிச்சலே சான்றாயிற்று, எரிச்சலே குற்றமாயிற்று. 2015 மார்ச்சு 24-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அப் பிரிவை முற்றாகச் செல்லாததாக்கிற்று. செலமேசுவர், நாரிமன் என்னும் நடுவர் இருவரும் எடுத்துக்காட்டிய குறைகளுள் முதன்மையானது, அச் சொல்லுக்கு எல்லையே இல்லை, ஒருவர்க்குத் தொல்லையாவது மற்றொருவர்க்குத் தொல்லையாகாது என்பதே. கேரளக் காவல் சட்டத்தின் 118-ஆம் பிரிவில் இதே சொல்லைக் கொண்டிருந்த ஓர் உட்பிரிவும் அத் தீர்ப்பினாலேயே வீழ்ந்தது. எல்லையற்ற ஒரு சொல் ஐந்தாண்டுக்கு மேலாக மக்களை அச்சுறுத்தி நின்ற வரலாறு இது. சொல்லுக்கு எல்லை இல்லாதபோது அதன் பொருளை வலியவன் தீர்மானிப்பான்.

சொல் தவறினால் குற்றம் பெரிதாவது போலவே, குற்றம் சிறிதாவதும் உண்டு. பெண்களைத் தெருவில் துரத்தித் துன்புறுத்துதலை ‘ஈவ் டீசிங்கு’ என்று ஆங்கிலப் படிப்பினர் நெடுங்காலம் வழங்கினர். டீசிங்கு என்பது விளையாட்டுச் சீண்டல். 1998-ஆம் ஆண்டு சென்னையிற் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்தார். அவ் வாண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் பிறந்தது; ஆனால் அச் சட்டத்தின் பெயரிலும் அந்த விளையாட்டுச் சொல்லே இருந்தது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அச் சொல் நீக்கப்பெற்றுத் துன்புறுத்தல் என்னும் பொருளுடைய சொல் வைக்கப்பெற்றது. ஓர் உயிர் போனபின்னும் பெயர் திருந்த நான்காண்டு ஆயிற்று. சீண்டல் வேறு, கொடுமை வேறு என்பதைத் தமிழ்த்தாய் எவளும் சொல்லியிருப்பாளே!

இவ்வூரார்க்கு இவ் வேறுபாடு புதிதன்று. 2015 திசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியின் தெருக்கள் நீரில் மூழ்கி, மக்கள் மாடிகளில் ஒடுங்கிக் கிடந்த நாளை எவர் மறப்பர்? அதனைத் தொல்லை என்று எவரும் கூறார், அது இடர். மறுநாள் மின்னின்றி நீரின்றிக் கழிந்தது இன்னல். பின்னர்ச் சேற்றை அள்ளக் காத்திருந்தது அல்லல். இன்றும் மழைநாளில் முழங்கால் நீரில் நடப்பது தொல்லை. இடரையும் தொல்லையையும் ஒரே சொல்லாற் குறித்து அரசுக்கு விண்ணப்பம் எழுதினால், இடருக்குரிய விடை கிடைக்குமா?

எதிர்ப்புரைக்கு விடை

‘ஆங்கிலமே ஆயிரம் மொழியில் இரவல் வாங்கி வளர்ந்ததன்றோ? தமிழ் வாங்கினால் என்ன?’ என்று வினவுவோர் உண்டு. வினா தக்கதே, விடையும் உண்டு.

ஆங்கிலம் வாங்கியது உண்மை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், ஆண்டவர் மொழி ஆளப்பட்டவர் வாயிற் புகுந்தது. வேண்டி வாங்கியதன்று, வென்றவன் ஏற்றியது. எனினும் ஆங்கிலத்தில் வந்த சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருளில் அமர்ந்துகொண்டன. அதனால் அம் மொழியில் எரிச்சலுக்குரிய சொற்கள் பெருகின. தமிழில் நிகழ்வதோ நேர்மாறு. ஒரு சொல் வந்து பத்துச் சொல்லை வெளியேற்றுகின்றது. பத்து விளக்கு எரிந்த வீட்டில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டுப் பத்தையும் அணைப்பதை வளர்ச்சி என்பார் உண்டோ?

‘சாவி, அலமாரி, மேசை எல்லாம் போர்த்துகீசியச் சொல்லாயிற்றே’ என்பர். அவை பொருளோடு கப்பலில் வந்தவை. அவற்றுக்கும் திறவுகோல், நிலைப்பேழை எனத் தமிழில் இடமுண்டு. ஆயினும் வந்ததற்கு ஒரு கரணியமேனும் கூறலாம். எரிச்சல் எந்தக் கப்பலில் வந்து இறங்கிற்று? சென்னைத் துறைமுகத்தில் ஆங்கிலேயன் இறக்கும் வரை தமிழன் எரிச்சலே கொண்டதில்லையா? புதுப்பொருளுக்குப் பெயரில்லை என்பது ஒரு குறை. தன் நெஞ்சுக்கே பெயரில்லை என்பது இழிவு.

‘எல்லார்க்கும் விளங்குகின்றது, அதுவே போதும்’ என்பர். எல்லார்க்கும் விளங்குவது, பேசுபவர் நல்ல நிலையில் இல்லை என்னும் ஒன்றே. என்ன நேர்ந்தது, யாரால் நேர்ந்தது, எவ்வளவு நேர்ந்தது என்பவை விளங்கவில்லை. குழந்தையின் அழுகையும் இவ்வளவுதான் விளக்கும்.

செய்யத்தக்கவை

இவ் வூருக்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் வாழ்ந்து 1916-ஆம் ஆண்டளவில் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கினார். அவர் தொடங்கியது மேடையிலன்று. தம் பெயரிலும் தம் வீட்டிலும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகரமுதலியில் ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட சொற்கள் தொகுக்கப்பெற்றன. தேவநேயப் பாவாணர் 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் பொறுப்பேற்று 1981-இல் தாம் மறையும் வரை வேர்களைத் தோண்டிக்கொண்டிருந்தார். சொற்கள் இருக்கின்றன. ஏட்டில் இருக்கின்றன. நாவில் ஏறவேண்டும் என்பதே குறை.

வழக்குமன்றத்திலும் அவை ஏறவேண்டும். இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் என்னும் நான்கு மாநில உயர்நீதிமன்றங்களில் இந்தி வழங்க இசைவு தரப்பெற்றது. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழங்கவேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியும் இசைவு கிட்டவில்லை. தொல்லைக்கும் எரிச்சலுக்கும் வேறுபாடு அறிந்த மக்களை, அவ் வேறுபாடு அறியாத சொல்லால் தீர்ப்பிடுவது முறையாகாது. இக் கோரிக்கை கைவிடப்படலாகாது.

அது அரசின் கையில் உள்ளது. வீடு அவரவர் கையில் உள்ளது. மருத்துவரிடம் செல்வோர், எங்கே, எத்தகைய நோவு என்பதைத் தமிழிற் கூறட்டும். எரிகிறதா, கடுக்கிறதா, உறுத்துகிறதா, அழுத்துகிறதா என்று பிரித்துக் கூறட்டும். ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு நாள், சினத்தின் சொற்களை மாணவரைக்கொண்டே தொகுக்கட்டும். பாட்டியரிடம் கேட்டு வரச் செய்யட்டும். காவல்நிலையத்தில் முறையீடு எழுதுவோர், தமக்கு நேர்ந்த உணர்வை மட்டும் எழுதாது, பிறர் செய்த செயலை எழுதட்டும். பேருந்து வாராதபோது சலிப்பு என்று சொல்லட்டும். ஒலிப்பான் அலறும்போது தொல்லை என்று சொல்லட்டும். கண்ணில் துகள் விழுந்தால் உறுத்தல் என்று சொல்லட்டும்.

இவற்றுள் எதுவும் பொருட்செலவு உடையதன்று. எவருடைய இசைவும் வேண்டியதன்று. இன்றிரவே தொடங்கலாம். வீட்டில் தாய் உண்ண அழைப்பாள். மூன்றாம் முறையும் அழைப்பாள். உள்ளே மூளும் அது தன்னுடைய எரிச்சலா, தாய் செய்யும் தொல்லையா என்று அம் மகன் ஒரு கணம் தமிழில் எண்ணிப் பார்க்கட்டும். விடை உடனே விளங்கும். விளங்கிய பின் அக் கதவு சாத்தப்படாது.